சாவது யார்? வாழ்வும் மரணமும் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

ஹட்டனோ நாவலப்பிட்டியோ பதுளையோ, இலங்கை மலையகத்தில் எந்த டவுனை எடுத்தாலும் நடந்து போகிற தூரத்துக்குள் ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம், ஒரு பன்சல (பௌத்த விகாரை) இருக்கும். எல்லாரும் ஒரே கடையில் பாண் வாங்குகிறோம், ஒரே பஸ்ஸில் தொங்குகிறோம். ஒரு சாவு விழுந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. முஸ்லிம் வீட்டில் மௌத்து என்றால் முடிந்தவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடப் பார்க்கிறார்கள். சிங்கள பௌத்தர் வீட்டில் உடலை எம்பாம் செய்து சில நாள் வைத்திருப்பார்கள். சந்தியிலிருந்து வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி தொங்கும். கத்தோலிக்க வீட்டில் செபமாலை சொல்லி, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைத்து, அப்புறம் கல்லறைக்கு எடுப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் என்றால், தப்பு மேளச் சத்தத்திலேயே பக்கத்து டிவிஷனுக்கும் விஷயம் தெரிந்துவிடும். நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி என்று வேலை தொடங்கிவிடும்.

அவரவர் வழக்கம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் இந்த நாலு வழக்கத்துக்கும் பின்னால் ஒரே கேள்விக்கான நாலு பதில்கள் இருக்கின்றன. சாவது யார்? உடம்பா, உயிரா, இரண்டும் சேர்ந்தா, அல்லது ‘நான்’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்றா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், மதங்களும் தத்துவங்களும் மரணத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி தானாக விளங்கும். வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற மீதிப் பாதியும் அந்தப் பதிலிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு சிக்கலை முதலிலேயே அவிழ்த்துவிடுவோம். இந்த விஷயத்தைப் புதிதாக யோசிக்கத் தொடங்குகிறவர்கள் மூன்று கேள்விகளைச் சேர்த்து ஒன்றாகக் கேட்கிறார்கள். செத்த பிறகு என்ன நடக்கும்? சாவு கெட்டதா? வாழ்வதற்கு அர்த்தம் உண்டா? ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் கிடைத்துவிட்டதாக ஆகாது. செத்தால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறவர் அர்த்தமுள்ள வாழ்க்கை வாழ முடியும். செத்த பிறகும் முடிவில்லாமல் இருப்போம் என்று நம்புகிறவரையும், ‘சரி, அவ்வளவு காலம் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்கலாம்.

உடம்பு ஒரு கருவி

சைவத்திலிருந்து தொடங்கலாம், தோட்டத்தில் பெரும்பாலானவர்கள் கேட்டு வளர்ந்தது அதுதான். தமிழ்ச் சைவத்தின் தத்துவத்துக்குச் சைவ சித்தாந்தம் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் அதை 12 சூத்திரங்களில் சுருக்கித் தருகிறது. பதி, பசு, பாசம் என்று மூன்று பொருள்கள். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டிவைத்திருப்பது. அந்தக் கட்டிலும் மூன்று: ஆணவம் என்ற அறியாமை இருள், கன்மம் என்ற வினை, உலகப் பொருள்களுக்கு மூலமான மாயை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம், உயிரை யாரும் படைக்கவில்லை என்பது. இறைவனைப் போலவே உயிரும் தொடக்கம் இல்லாதது, முடிவும் இல்லாதது. ஆணவ இருள் மூடிக் கிடக்கிற அந்த உயிருக்கு உதவியாக இறைவன் மாயையிலிருந்து நாலு விஷயங்களைக் கொடுக்கிறான். தனு, கரணம், புவனம், போகம் என்று சொல்வார்கள்: உடம்பு, மனம் முதலான கருவிகள், உலகம், அனுபவம். இவற்றை வைத்துக்கொண்டு உயிர் இன்பதுன்பங்களை அனுபவித்து, பட்டுப் பழுத்து, மெல்ல மெல்லத் தெளிய வேண்டும். உயிருக்குச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று ஓர் இயல்பு சொல்லப்படுகிறது. எதைச் சேர்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். உலகத்தைச் சார்ந்தால் உலகம், சிவத்தைச் சார்ந்தால் சிவம்.

அப்படியானால் சாவது யார்? உடம்பு மட்டும். பழைய கருவி போய்ப் புதுக் கருவி வருகிறது. வாழ்வின் பொருளும் இங்கேயே கிடைத்துவிடுகிறது: பிறவி என்பது உயிர் பக்குவப்படுவதற்குக் கிடைத்த வாய்ப்பு. முத்தி கிடைத்த பிறகும் உயிர் காணாமல் போவதில்லை, சிவத்தோடு பிரிவில்லாமல் நின்று அந்த ஆனந்தத்தை அனுபவிக்கிறது என்பது சித்தாந்தம். சங்கரரின் அத்வைதம் இந்த இடத்தில் பிரிந்துபோகிறது. அதன்படி உள்ளது பிரம்மம் ஒன்றுதான். தனித்தனி உயிர்கள் என்பதே அறியாமையில் தோன்றுவது. அங்கே ‘சாவது யார்’ என்று கேட்டால், சாவதற்கு என்று தனியாக யாரும் இருந்ததே இல்லை என்று பதில் வரும். இந்து மதம் இப்படித்தான் சொல்கிறது என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால், எந்த இந்து மதம் என்று கேட்பது நல்லது.

சரி, இது சாத்திரம். லயத்தில் நடப்பது வேறு. அப்பாயி செத்து வருடங்கள் போயிருக்கும். அமாவாசைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வெற்றிலையும் வைத்துப் படைப்பார்கள். அப்பாயி மறுபிறவி எடுத்துவிட்டார் என்றால் இந்தக் குழம்பு யாருக்கு? சின்னப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்கும், பெரியவர்கள் வாயை மூடச் சொல்வார்கள். மரபு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: இறந்தவர் எந்தப் பிறவியில் இருந்தாலும், நாம் கொடுப்பது அந்தப் பிறவிக்கேற்ற உணவாக மாறிப் போய்ச் சேரும். எனக்கு என்னவோ இது பின்னால் யோசித்துச் சொன்ன சமாதானம் போலத்தான் தெரிகிறது. தோட்டத்து மக்களின் உண்மையான நம்பிக்கை இன்னும் பழையது: செத்தவர் தூரமாக எங்கும் போவதில்லை. அகாலமாகச் செத்தவர், அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாகி நிற்கிறார். மதுரைவீரனுக்கும் மாடசாமிக்கும் பூசை போடுகிற சனம் அந்த நம்பிக்கையைக் கப்பலில் கூடவே கொண்டு வந்தது. மறுபிறவியையும் பக்கத்தில் நிற்கிற முன்னோரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்வதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மாசியில் தோட்டங்களில் நடக்கிற காமன் கூத்தும் இந்த வகையில் யோசிக்கத் தக்கதுதான். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்துபோகிறான். ரதி அழுகிறாள். பிறகு அவன் எழுப்பப்படுகிறான். புராணக் கதைப்படி அவன் திரும்பி வந்தது ரதியின் கண்ணுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு அவன் உருவம் இல்லாதவன். செத்தவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்குச் சித்தாந்தமும் அத்வைதமும் சொல்லாத ஒரு பதில் அதில் இருக்கிறது. அழுகிறவருக்குள் இருக்கிறார்.

ஆளே இல்லாமல் பிறவி

பன்சலவிலிருந்து பிக்குமார் வந்து மரண வீட்டில் ஓதுகிற வரிகளில் ஒன்று ‘அனிச்சா வத சங்காரா’ என்று தொடங்கும். சேர்ந்து உண்டானவை யாவும் நிலையற்றவை, தோன்றி மறைவது அவற்றின் இயல்பு, அவை அடங்குவதே சுகம் என்பது அதன் கருத்து. பெரும்பாலும் வெள்ளைத் துணியிலும் எழுதிக் கட்டியிருப்பார்கள். சிங்கள எழுத்து தெரிந்தால் அடுத்த முறை பாருங்கள்.

பௌத்தம் சைவத்தோடு மோதுகிற இடம் இதுதான். நிலையான ஆன்மா என்று ஒன்று கிடையாது என்கிறார் புத்தர். உடம்பு, உணர்ச்சி, குறிப்பு, மனப்போக்குகள், அறிவு என்று ஐந்து தொகுதிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஓட்டத்துக்கு நாம் ‘நான்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கேட்டதும் எல்லாருக்கும் வருகிற சந்தேகம்: ஆன்மாவே இல்லை என்றால் மறுபடி பிறப்பது எது? கிரேக்க வம்சத்து அரசன் மிலிந்தன் இதையேதான் நாகசேனர் என்ற பிக்குவிடம் கேட்டதாகப் பாளி நூல் சொல்கிறது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் சுடர் அங்கிருந்து இங்கே தாவி வந்ததா என்று திருப்பிக் கேட்டார் நாகசேனர். பொருள் எதுவும் இடம் மாறவில்லை, ஆனால் இரண்டாம் சுடருக்கு முதலாவதுதான் காரணம். பிறக்கிறவர் பழைய ஆளும் இல்லை, முற்றிலும் புது ஆளும் இல்லை.

சைவர்களுக்கு இது ஒருநாளும் ஒப்பவில்லை. செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்றால் வினைக்கே அர்த்தம் இல்லாமல் போகிறதே என்பது அவர்களுடைய பழைய கேள்வி. தில்லையில் மாணிக்கவாசகரோடு வாதம் செய்ய வந்த பௌத்தர்கள் ஈழத்திலிருந்து போனவர்கள் என்று புராணம் ஒரு கதை வைத்திருக்கிறது. கதை நம் பக்கத்தில் எழுதப்பட்டது, ஆகவே வென்றது யார் என்று சொல்லத் தேவையில்லை.

மரண வீட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. உறவினர்கள் ஒன்றாகக் கைவைத்து ஒரு பாத்திரத்திலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். கிண்ணம் நிரம்பி வழியும். ஆறுகள் கடலை நிரப்புவது போல இங்கே கொடுப்பது இறந்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று பிக்குமார் ஓதுவார்கள். ஆன்மா இல்லை என்று சொல்லும் மதத்தில் புண்ணியத்தை இறந்தவருக்கு அனுப்பிவைக்கிறார்கள். ஏழாம் நாள் தானம், மூன்று மாதத் தானம் எல்லாம் அதற்காகத்தான். அப்பாயியின் கருவாட்டுக் குழம்பு நினைவுக்கு வந்தால் உங்கள்மேல் தவறில்லை.

வாழ்வின் பொருள் என்ன என்று புத்தரிடம் நேராகக் கேட்டால்? மாலுங்கியபுத்தர் என்ற சீடர் ஏறக்குறைய அப்படித்தான் கேட்டார். உலகம் நிலையானதா, ததாகதர் (புத்தர்) சாவுக்குப் பின் இருப்பாரா மாட்டாரா என்று அவருக்குப் பதில் வேண்டியிருந்தது. விஷ அம்பு தைத்தவன், எய்தவன் எந்தக் குலம், வில் எந்த மரம் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று அடம்பிடித்தால் கேட்டு முடிப்பதற்குள் செத்துப்போவான் என்றார் புத்தர். துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நிற்பதுண்டு, நிற்க வழி உண்டு. இவ்வளவுதான் அவர் பதில் சொல்ல ஒத்துக்கொண்டது. பெரிய கேள்விகளில் சிலவற்றைக் கேட்காமலேயே விடலாம் என்று ஒரு மதத்தைத் தொடங்கியவரே சொன்னது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

ஒரே ஒரு தடவை

இஸ்லாத்திலும் கிறிஸ்தவத்திலும் பிறவி ஒன்றுதான். இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் எல்லாமே மாறிவிடுகிறது. பல பிறவி உண்டு என்றால் இந்தப் பிறவியில் பழுக்காதது அடுத்ததில் பழுக்கலாம். ஒன்றே ஒன்று என்றால் இன்றைக்குச் செய்வதன் பாரம் கூடிவிடுகிறது.

மரணச் செய்தி கேட்டதும் முஸ்லிம்கள் சொல்வது ‘இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்’. நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பது பொருள். யாருடைய செயல் அழகானது என்று சோதிப்பதற்காகவே மரணத்தையும் வாழ்வையும் படைத்ததாகக் குர்ஆன் சொல்கிறது. ரூஹ் (உயிர்) பிரிந்த பிறகு பர்ஸக் என்ற இடைநிலை, பிறகு கியாமத் என்ற இறுதி நாளில் உடம்போடு எழுப்பப்படுதல், கேள்விகணக்கு, சுவர்க்கம் அல்லது நரகம். இங்கே மனிதன் என்பவன் உடம்பும் ரூஹும் சேர்ந்தவன். உடம்பைக் கழற்றிப் போடுகிற சட்டையாக நினைக்கவில்லை. ஆகவேதான் மையித்தை (இறந்தவரின் உடலை) குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணியிட்டு, தொழுது, மண்ணில் வைக்கிறார்கள். எரிப்பது என்ற பேச்சே இல்லை.

2020இல் கொரோனாவில் இறந்தவர்களின் உடலைத் தகனம்தான் செய்ய வேண்டும் என்று இந்த நாட்டில் விதி வந்தபோது அது ஏன் அத்தனை பெரிய காயமாக இருந்தது என்பதும் இதிலிருந்து புரியும். அடக்கம் செய்தால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறந்து 20 நாளான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் கொழும்பு பொரளை மயானத்தின் வாசல் கேற்றில் கபன் துணியைக் கிழித்து வெள்ளை நாடாக்களாகக் கட்டினார்கள். கட்டியவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் விதி மாறியது, கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. மரணத்தைப் பற்றிய தத்துவம் ஓய்வாக இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இந்தப் 11 மாதத்தை நினைத்துப் பார்க்கலாம்.

கிறிஸ்தவர்களுக்கு எல்லாம் ஒரு கல்லறையில் தங்கியிருக்கிறது. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம்முடைய விசுவாசம் வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இவ்வளவு வெளிப்படையாகத் தன் மதத்தையே பணயம் வைத்தவர்கள் குறைவு. இங்கேயும் கடைசியில் உடம்பு எழும். கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தையும் அனுமதிக்கிறது. இறந்தவர்கள் தூய்மை பெறுகிற உத்தரிக்கிற ஸ்தலம் உண்டென்பதால் நவம்பர் 2ஆம் திகதி கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி அவர்களுக்காக மன்றாடுகிறார்கள். புரட்டஸ்தாந்து சபைகள் அதை ஏற்பதில்லை. வாழ்வின் பொருள், கடவுளையும் அயலானையும் நேசிப்பது.

ஒரு மண்சரிவின் முன்னால்

இந்தப் பதில்கள் எல்லாம் அமைதியான நாளில் அழகாகத்தான் இருக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஏன் இவர்களுக்கு இப்படி?

‘எல்லாம் முன்ஜென்ம வினை’ என்று சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். சைவ சித்தாந்தத்தில் அதற்கு இடம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அனுபவிக்க வேண்டிய வினை இயற்கை வழியாகவும் வந்து சேரும் என்று அது சொல்வது உண்மை. அதற்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் வினைக் கோட்பாடு நான் என் வாழ்க்கையைப் பார்த்துச் சொல்லிக்கொள்வதற்கு உரியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்த சரிவில் குடும்பங்கள் தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வியை மூடுவதற்கு அதைப் பயன்படுத்தினால், அது தத்துவமாக இல்லாமல் சாக்காக ஆகிவிடுகிறது.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்செய்த வினையால்தானா என்று மோலிய சீவகன் என்ற பரிவிராசகன் (ஊர் சுற்றும் துறவி) புத்தரிடம் கேட்டான். இல்லை என்றார். பித்தம், கோழை, வாதம், மூன்றும் சேர்ந்த கோளாறு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் செய்யும் தாக்குதல், வினை என்று எட்டுக் காரணங்களைச் சொன்னார். வினை அதில் ஒன்றுதான். விவிலியத்தில் யோபுவின் பிள்ளைகள் வீடு இடிந்து சாகிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்கள்மேல்தான். இஸ்லாமிய ஹதீஸ் ஒன்று, இடிந்து விழுந்ததில் அகப்பட்டு இறப்பவரையும் நீரில் மூழ்கி இறப்பவரையும் ஷஹீத்களின் (தியாகிகளின்) வரிசையில் சேர்க்கிறது. இப்படிச் சாகிறவரைக் குற்றவாளி என்று பார்க்காமல் உயர்ந்த இடத்தில் வைக்கிறது அது.

கடவுளை விட்டுவிட்டு யோசித்தவர்கள்

இந்த நாலு மதத்திலும் சேராமல் யோசித்தவர்கள் புதிய ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் உலகாயதர்கள் மிகப் பழையவர்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் இல்லாத சிவப்பு, மூன்றையும் சேர்த்து மெல்லும்போது வருகிறதல்லவா, அப்படித்தான் பூதங்கள் சேரும்போது அறிவு வருகிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்பது அவர்கள் கட்சி. மலைக்கு வெற்றிலைப் பையோடு போகிற, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் சொன்னால் உடனே புரியும். அவர்களுடைய நூல்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. மறுப்பதற்காக எதிராளிகள் எடுத்துச் சொன்ன வழியாகத்தான் அவர்களைத் தெரிகிறது.

கிரேக்கத்தில் எபிகூரஸ் இதே நிலையிலிருந்து ஒரு மருந்து செய்தார். நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வந்தபோது நாம் இல்லை; பிறகு பயம் எதற்கு? அவர் வழியில் வந்த ரோமக் கவிஞர் லுக்ரீசியஸ் இன்னொன்று சேர்த்தார்: பிறப்பதற்கு முன்னால் நாம் இல்லாமல் இருந்த காலத்தை நினைத்து யாரும் அழுவதில்லை, பின்னால் வருவதற்கு ஏன் அழ வேண்டும்? இவர்களுக்கும் முன்னால், கி.மு. 399இல் மரண தண்டனை பெற்ற சோக்ரதீஸ், சாவு கனவில்லாத உறக்கமாக இருக்கலாம், அல்லது வேறிடத்துக்குப் போவதாக இருக்கலாம், இரண்டுமே கெட்டதில்லை என்றார். வள்ளுவரும் சாக்காட்டை உறக்கம் என்றுதான் சொல்கிறார். ஆனால் உறங்கி விழிப்பது போலப் பிறப்பு என்று அடுத்த அடியையும் வைத்துவிடுகிறார்.

எபிகூரஸின் வாதத்தை உடைப்பது சுலபமில்லை. 1970இல் அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் வேறு பக்கத்திலிருந்து வந்தார். சாவு வலிப்பதால் கெட்டது இல்லை, இருந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைப் பறிப்பதால் கெட்டது. நமக்கு இது புதிதில்லை. பேரன் பேத்தி எடுத்து 90 வயதில் போனவருக்குக் கல்யாணச் சாவு என்று சொல்லி வெடி கொளுத்தி ஆடிக்கொண்டு போகிறோம், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த பிள்ளை செத்தால் தப்படிக்கிறவரின் கையே ஓடுவதில்லை. பறிபோனதன் அளவை அந்தச் சடங்கே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

கடைசியாக, பொருள் என்று எதுவுமே இல்லை என்றால்? அல்பேர் காம்யு 1942இல் எடுத்துக்கொண்ட கதை சிசிபஸுடையது. பாறையை மலை உச்சிக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டும், அது திரும்ப உருண்டு விழும், மறுபடி உருட்ட வேண்டும், முடிவே இல்லை. மனித வாழ்வும் இப்படித்தான் என்றார் காம்யு. உலகம் நமக்கு அர்த்தம் தராது, நாமோ கேட்பதை நிறுத்தமாட்டோம். ஆனாலும் சிசிபஸ் மகிழ்ச்சியாக இருக்கிறான் என்றே நாம் எண்ண வேண்டும் என்று முடித்தார். தன் பாறை தன்னுடையது என்று தெரிந்துகொண்டு உருட்டுகிறான் அவன்.

மலையில் இதைப் படிக்கிறவருக்குக் கொழுந்து ஞாபகம் வராமல் இருக்காது. இன்றைக்குப் பறித்த தேயிலை நிரையில் ஒரு வாரம் போனால் மறுபடி கொழுந்து நிற்கும். வெயில், மழை, அட்டை, மறுபடி அதே நிரை. தலைமுறை தலைமுறையாக அதே நிரை. ஆனால் எனக்குக் காம்யுவிடம் ஒரு வழக்கு உண்டு. சிசிபஸுக்குக் கொழுந்து நிறுக்கிற ஆள் இல்லை. கிலோ குறைந்தால் அவனுக்கு அரைப் பேர் (அரை நாள் கணக்கு) விழாது, சம்பளம் வெட்டுப்படாது, வீட்டில் பிள்ளை காத்திருக்காது. அவனுடைய பாறையைத் தேவர்கள் வைத்தார்கள். நம் நிரையை வைத்தவர்கள் மனிதர்கள். ஒரு தொழிலாளியைப் பார்த்து ‘நீ மகிழ்ச்சியாக இருக்கிறாய் என்று எண்ணிக்கொள்’ என்று இன்னொருவர் சொல்வதும், ‘உன் வினை’ என்று சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன.

இந்த இடத்தில் விக்டர் ஃபிராங்கல் காம்யுவைவிட உதவுகிறார். வியன்னாவின் மனநல வைத்தியர், யூதர், அவுஷ்விட்ஸ் உட்பட நாஜி முகாம்களில் இருந்து தப்பியவர். பெற்றோரையும் மனைவியையும் இழந்தவர். வாழ்வின் பொருள் என்ன என்று நாம் வாழ்க்கையைக் கேட்கக்கூடாது, வாழ்க்கைதான் நம்மைக் கேட்கிறது, செய்கிற வேலையாலும் நேசிக்கிற ஆட்களாலும் தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்கிற விதத்தாலும் பதில் சொல்கிறோம் என்று 1946இல் எழுதினார். ‘தவிர்க்க முடியாத’ என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் பலரும் அவரை எடுத்துக்காட்டுகிறார்கள். தவிர்க்கக்கூடிய துன்பம் என்றால் அதன் காரணத்தை அகற்றுவதுதான் அர்த்தமுள்ள செயல் என்பதை அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் படித்துவிட்டுச் சம்பளப் போராட்டத்துக்கும் போகலாம், முரண்பாடு ஒன்றும் இல்லை.

மேலே தொடர விரும்புகிறவர்கள் பெரிய நூல்களில் தொடங்க வேண்டியதில்லை. சோக்ரதீஸின் நீதிமன்ற உரையும் யோபுவின் முதல் சில அதிகாரங்களும் ஓர் இரவில் படித்து முடிக்கக் கூடியவை. சிவஞானபோதத்தைத் தனியாகத் திறந்தால் தலை சுற்றும், சொல்லித்தர ஆள் வேண்டும். அதைவிட நல்ல வழி அடுத்த வீட்டில் இருக்கிறது. பள்ளிவாசல் மௌலவியிடமோ பன்சல பிக்குவிடமோ கோயில் குருக்களிடமோ பாதரிடமோ போய், ‘உங்கள் கணக்கில் சாவது யார்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் தேநீர் கொடுத்து உட்காரவைத்துச் சொல்வார்கள். மரண வீட்டில் வைத்து மட்டும் கேட்க வேண்டாம். கருமாதியோ ஏழாம் நாள் தானமோ முடியட்டும்.